நரையில்லாத படங்கள்

உச்சி வெயிலில் படச்சட்டக் கடையின் சுவரோரம் செத்தவர்களின் படங்கள் ஒன்பது சாய்ந்து நிற்கின்றன. கடைக்காரனின் மாமனார் காலத்தில் இங்கே வந்ததெல்லாம் நரைத்த தலைகள்; இப்போது வருவதெல்லாம் குடித்தே போன கருமீசைகள். கடைக்காரன் குடியை விட்டு இன்று நாலாம் நாள். சட்டத்துக்கு அறுக்கையில் கை நடுங்கி இரண்டாவது கண்ணாடியும் கோணலாக உடைய, மனைவி சில்லுகளைப் பெருக்குகிறாள். மிச்சம் இருப்பது ஒரே கண்ணாடி.

"தம்பியத் தூக்குறதுக்குள்ள படத்தக் குடுத்துடுங்கண்ணே," என்கிறாள் வாசலில் நிற்கும் பெண்.

"ஒரு மடக்கு போட்டா கை நின்னுடும்டி," என்று மனைவியிடம் முனகுகிறான்.

"நாலு நாள் தாங்கிட்டீங்களே."

"நான் தாங்குறேன். கை தாங்கலியே."

தானே ஒளித்து வைத்த புட்டியை எடுத்து, மருந்துபோல் டம்ளரில் அளந்து, மனைவியே அவன் வாயில் ஊற்றுகிறாள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் அடங்குகிறது. கண்ணாடி நூல் பிடித்தாற்போல் அறுபடுகிறது.

"என்ன சுத்தமான கைண்ணே உங்களுக்கு," என்கிறாள் வாசலில் நிற்பவள்.