இருபத்திரண்டு கிலோ சத்தம்

"பெட்டியை இறக்கியாச்சுல்ல? இப்ப நீங்க ஏறுங்க சார்," என்றாள் கவுன்ட்டர்ப் பெண்.

"நானா? எதுக்கு?"

"பத்தொன்பது பேர் போற விமானம் இது. மூட்டையோட ஆளையும் நிறுத்துப் பார்த்துதான் ஏத்துவோம்."

கிட்டார்க்காரன் துங்-லின் தயங்கித் தயங்கி எடை மேடையில் ஏறினான். எழுபத்தாறு. வீட்டில் அவன் அறுபத்தொன்பது.

அவன் குழுவில் பேஸ் வாசிக்கும் ஆ-ஷூவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஜூன் மாச வெயில்ல கோட்டு எதுக்குன்னு அப்பவே நினைச்சேன். எத்தனை பெடல்டா உள்ள வச்சிருக்க?"

"ஒன்பது."

கிட்டார் ஒலியை மாற்றும் அந்த இரும்புப் பெட்டிகளைக் கோட்டுக்குள் ஒளித்து மூட்டையின் எடையைக் குறைக்கும், எல்லா ஊரிலும் பலித்த வித்தை, தைதுங் விமான நிலையத்தில் பல்லிளித்தது.

அதைவிடப் பெரிய தலைவலி, கிட்டார் ஒலியைப் பெருக்கும், வால்வு வைத்த அவனுடைய பழைய ஆம்ப். இருபத்திரண்டு கிலோ.

"இன்னிக்குக் காத்து வேற. அது ஏறாது சார்," என்றாள் கவுன்ட்டர்ப் பெண். "யாராவது ஒருத்தர் நின்னுக்கிட்டா பார்க்கலாம்."

"நாம போற லான்யூ தீவுல கரோக்கி பெட்டி இருக்கும். அதுல சொருகி வாசியேன்," என்றாள் ஆ-ஷூ.

"அதுக்கு வாயாலயே வாசிச்சுட்டுப் போவேன்." மூன்று வருஷம் விண்ணப்பித்து இந்த வருஷம்தான் தீவின் கடற்கரைத் திருவிழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சாயங்காலம் கச்சேரி. அலை அதிகமென்று இன்றைய கப்பலும் ரத்து.

"என்னை விட்டுட்டு அந்தப் பெட்டியை ஏத்தும்மா."

வரிசையில் அடுத்து நின்றவர்தான் சொன்னார். ஐம்பது வயதிருக்கும். பாக்குச் சாற்றில் சிவந்த பற்கள், கையில் கனத்த கித்தான் பை.

"ஐயோ, உங்க வேலை கெட்டுருமே அண்ணே!"

"ஒரு மணி நேர வேலை தம்பி. அவசரம்னாங்க. எவன்தான் அவசரமில்லைன்னு கூப்பிடுறான்? நாளைக்குக் கப்பல்ல போனா குடியா முழுகிடும்? நீ போய் நல்லா சத்தமா வாசி."

துங்-லின் குனிந்து குனிந்து நன்றி சொன்னான். தன் பையிலிருந்த அன்னாசிக் கேக் டப்பாவை, அவர் வேண்டாமென்றாலும் கேளாமல், கையில் திணித்தான்.

அரை மணி நேரத்தில் தீவு. ஆம்பைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வெளியே வந்தவனைத் திருவிழா நடத்தும் அக்கா ஓடிவந்து வரவேற்றாள். ஆனால் அவள் பார்வை அவன் தோளைத் தாண்டிக் காலி விமானத்திலேயே நின்றது.

"எல்லாரும் இறங்கியாச்சா? ஒரு மெக்கானிக் இதுல வந்திருக்கணுமே. மேடைக்குக் கரண்ட் கொடுக்கிற ஜெனரேட்டர் காலையிலேருந்து படுத்துக் கிடக்கு. தீவுல அதைத் தொடத் தெரிஞ்ச ஆள் கிடையாது." அவள் தன் போனை அவனிடம் நீட்டினாள். "எனக்குக் கை காலே ஓடலை தம்பி. இதுதான் அவர் நம்பர். ஏன் வரலைன்னு நீயே கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்?"