காருக்குள் எரியும் விளக்கு

“அழுத்து!”

யாரும் எதையும் அழுத்தவில்லை.

லிஃப்ட் மெக்கானிக் ஸ்டூலின் மேல் நின்றபடி கார் ஷெட் கூரையில் தொங்கும் கதவு மோட்டாரை முறைத்தான். அதன் பக்கவாட்டில் ஒரு மஞ்சள் பட்டன். அதை அழுத்தினால் ஒரு பொட்டு விளக்கு முப்பது வினாடி எரியும். அதற்குள் காரில் இருப்பவர், முன்கண்ணாடிக்கு மேலே இருக்கும் மூன்று பட்டன்களில் முதலாவதை இரண்டு தடவை அழுத்த வேண்டும். அவ்வளவுதான். அப்புறம் காரில் உட்கார்ந்தபடியே ஷெட் கதவைத் திறக்கலாம், மூடலாம்.

பொட்டு விளக்கு அணைந்தது. இது நான்காவது முறை.

சங்கு ஊதுகிற அந்தப் பழமொழியைச் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

ஊரில் பாதிக் கட்டடங்களில் ஜனங்கள் ஏறி இறங்குவது அவன் புண்ணியத்தில். அப்பேர்ப்பட்டவன் சொந்த வீட்டுக் கதவிடம் மூக்குடைபட்டுக்கொண்டிருந்தான்.

எதிரே காருக்குள் அவன் மனைவி நிதானமாக உட்கார்ந்திருந்தாள். மடியில் காரோடு வந்த கையேடு, கையில் சிவப்புப் பென்சில். அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். அரை மணி நேரத்தில் கையேட்டில் பதினொரு பிழை பிடித்துவிட்டாள்.

இரவு நேரம், ஷெட் பல்பு ஃப்யூஸ். அவள் தலைக்கு மேல் காரின் விளக்கு மட்டும் பளிச்சென்று எரிந்தது.

அதைப் பார்க்கப் பார்க்கத்தான் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று மாதம் எடுக்காமல் கிடந்த வண்டி. பேட்டரி குற்றுயிராகக் கிடந்து, ஞாயிற்றுக்கிழமைதான் பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து வயர் போட்டு எழுப்பியிருந்தான். பிழை பார்க்க வேறு நேரமே கிடைக்கவில்லையா?

நாளை அவள் வேலைக்குத் திரும்புகிறாள். மாலை நாலரைக்குத் தனியாக ஓட்டிக்கொண்டு வருவாள். இதுவரை வாசலில் ஹாரன் அடித்தால் அவன் உள்ளேயிருந்து சுவிட்சைப் போடுவான். நாளை முதல் அவனுக்கு ஷிஃப்ட் மாறுகிறது, அந்த நேரத்தில் ஏதோ ஒரு லிஃப்டுக்குள் இருப்பான். இருந்த ஒரே ரிமோட் தொலைந்து வருடமாகிறது. தொலைத்தது யார் என்பதில் இன்னும் தீர்ப்பு வரவில்லை.

வீடு சாலை திரும்பும் முனையில் இருக்கிறது. இறங்கி உள்ளே போய் சுவிட்சைப் போட அரை நிமிடம் போதும். முனையில் திரும்புகிற லாரி அவளைத் தூக்கி அடிக்கவும் அதே அரை நிமிடம் போதும். முனையில் எல்லா வண்டியும் ஹாரன் அடித்துவிட்டுத்தான் திரும்புகிறது. அதை நம்ப அவன் தயாராக இல்லை.

அதனால் இன்றைக்கே இந்தப் பட்டன் வேலை செய்தாக வேண்டும்.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். ஜன்னலுக்குள் தலையை விட்டு, முதலிலிருந்து விளக்கினான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கையை நீட்டி விளக்கை அணைத்தான். மீதியை இருட்டில் சொன்னான். கொஞ்சம் சத்தமாகவே சொன்னான்.

ஸ்டூலில் ஒரு கால் வைப்பதற்குள் விளக்கு மறுபடி எரிந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினான். மஞ்சளை அழுத்தினான். தெருக்கோடிவரை கேட்கும்படி கத்தினான். அவள் பக்கத்தைப் புரட்டி ஒரு சுழி போட்டாள்.

ஐந்தாவது முறையும் போயிற்று.

இந்த முறை அவன் இறங்கி வந்து விளக்கை அணைத்த வேகத்தில் அதன் பிளாஸ்டிக் மூடி கையோடு வந்துவிட்டது. இருட்டில் நின்று பொரிந்து தள்ளினான். பேட்டரியில் தொடங்கி, சிவப்புப் பென்சிலுக்கு வந்து, அவள் பிறந்த வீடுவரை போனான். முனையில் திரும்பும் லாரியைச் சொல்லும்போது குரல் உடைந்தது.

அவள் கை இருட்டில் தடவிக்கொண்டு மேலே போனது. விளக்கு எரிந்தது.

“லைட்டை அணைக்காதீங்க. பாதி சொல்லும்போதே அணைச்சுடறீங்க. இருட்டுல நீங்க திட்டுறதை நான் எப்படிப் பாக்கறது?”

அவன் கையிலிருந்த பிளாஸ்டிக் மூடியைப் பார்த்தான்.

மூன்று மாதத்துக்கு முன் வந்த காய்ச்சல் அவள் உயிரை விட்டுவிட்டு இரண்டு காதையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. அன்றிலிருந்து எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறாள். இது அவனுக்குத் தெரியாததல்ல. ஆஸ்பத்திரியில் இரவும் பகலும் உடன் இருந்தவனே அவன்தான். ஆனால் இருபத்திரண்டு வருடமாகக் கத்திப் பழகிய வாய். கோபம் வந்தால் மட்டும் அவனுக்கு மறந்துபோகிறது.

சுவரிடம் சொன்ன பழமொழி ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

விளக்கு வெளிச்சத்தில் முகத்தைக் காட்டி, மெதுவாக, முதலிலிருந்து கடைசிவரை சொன்னான். அவள் தலையாட்டினாள்.

ஸ்டூலில் ஏறி, சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து, அதன் டார்ச்சைத் தன் முகத்தின் மேலேயே அடித்துக்கொண்டான். பார்க்கச் சகிக்கவில்லை போலிருக்கிறது, அவள் சிரித்தாள். அவனை நன்றாகப் பார்ப்பதற்காக, இந்த முறை அவளே காரின் விளக்கை அணைத்தாள்.

மஞ்சளை அழுத்தினான். சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தான்.

காருக்குப் பின்னால் ஷெட் கதவு உலுக்கிக்கொண்டு கிளம்பியது. எண்ணெய் காணாத சக்கரங்கள் ஊரைக் கூட்டின. வெளியே முனையில் ஏதோ ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்துவிட்டுத் திரும்பியது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கதவு திறந்ததா என்று அவன் முகத்தில் தேடிக்கொண்டிருந்தாள்.