கை துள்ளும் பெட்டி

"இவன் கையில வைங்க டாக்டரே! கூச்சப்படாம வைங்க!"

வளவனூர்ப் பண்ணை சுப்பராயலு கைத்தடியால் முக்காலியைக் காட்டினார். அவருடைய பண்ணையாள் மண்ணாங்கட்டி, சட்டையில்லாத உடம்பைக் குறுக்கிக்கொண்டு அதில் உட்கார்ந்தான். 1943இல் விழுப்புரத்தில் நரம்பைச் சோதிக்கும் மின்சாரப் பெட்டி டாக்டர் தேவசகாயத்திடம் மட்டும்தான் இருந்தது.

டாக்டர் உப்புத் தண்ணீரில் நனைத்த துணியை அவன் மணிக்கட்டில் சுற்றிக் கம்பியைப் பொருத்தினார்.

"காலையில தெம்பு, பொழுது ஏற ஏறத் தளர்ச்சின்னு சொன்னீங்க. நரம்பு சொல்றது சதைக்குப் போய்ச் சேரலைன்னா அப்படித்தான் ஆகும். விடாம கரண்ட் கொடுத்தா தெரிஞ்சுடும். கோளாறு உள்ள கை கொஞ்ச நேரத்துல துவண்டுடும். நல்ல கை துவளாது."

"உசுருக்கு ஆபத்து உண்டா?" சுப்பராயலு நாற்காலியை இரண்டடி பின்னால் நகர்த்திக்கொண்டார்.

"அதெல்லாம் இல்லை. சுருக்குன்னு இருக்கும்."

"இருந்தாத்தான் என்னா? கேப்பைக் கூழு குடிச்சு வளந்த மாட்டுத் தோலு. இவனுங்களுக்கு எங்க உறைக்கப் போவுது?" தொங்கிய கண்ணிமையை விரலால் தூக்கிவிட்டுக்கொண்டு சிரித்தார்.

பெட்டி 'கிர்'ரென்றது. மண்ணாங்கட்டியின் சுண்டுவிரல் துள்ளியது. பல்லைக் கடித்துக்கொண்டான், கண் கலங்கியது, சத்தம் மட்டும் வரவில்லை.

பத்து, இருபது, ஐம்பது. கடைசித் துள்ளலும் முதல் துள்ளல் போலவே இருந்தது.

"எருமையாட்டம் குந்திக்கினு இருக்கான் பாருங்க! ஒண்ணும் ஆவலை!"

டாக்டர் சுப்பராயலுவை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எனக்கு முன்னாலயே தெரியும். முதல்ல அவர் கையில வச்சுப் பார்க்கணும்னு நீங்க பிடிவாதம் பிடிச்சீங்கன்னுதான் வச்சேன்."

பண்ணையாளைப் போய் 'அவர்' என்றது சுப்பராயலுவுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் அவர், டாக்டர் துணியை மறுபடி உப்புத் தண்ணீரில் நனைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை அரும்பியது.

மண்ணாங்கட்டி எழுந்தான். மரத்துப்போன கையை உதறிவிட்டு, துண்டால் முக்காலியைத் துடைத்தான்.

"அப்பிடி ஒண்ணும் வலிக்கலீங்க ஆண்டை. பயப்படாம வந்து கைய நீட்டுங்க."