நாலாவது வரிசை

பெனிட்டாவின் கிட்டார் ஒலி இரண்டு ஒயர்களாகப் பிரியும். ஒன்று நேராக ஆம்ப்ளிஃபயருக்குப் போய்ச் சுத்தமாக ஒலிக்கும். மற்றது காலடியில் கிடக்கும் பெடல்களுக்குள் புகுந்து, அவற்றை மிதித்தால் உறுமிக்கொண்டு வெளியே வரும். இரண்டையும் கலந்து அரங்குக்கு அனுப்புவது மிக்சரில் உட்கார்ந்திருக்கும் தயாளனின் வேலை.

அன்று ஒத்திகையில், புது ஒயர் நீளமாக இருக்கிறதே என்று வாசித்துக்கொண்டே மேடையை விட்டு இறங்கி நடந்தாள். நாலாவது வரிசைக்கு வந்தபோது உறுமல் மேடையிலேயே தங்கிவிட்டது. அரங்கின் பெரிய ஸ்பீக்கர்களில் ஓட்டல் லிஃப்டில் கேட்பதுபோல ஏதோ ஒழுகிக்கொண்டிருந்தது.

“பெடல் சத்தம் எங்க, தயாளா?”

“அது மேடையில உங்களுக்கு மட்டும்தான்க்கா கேக்கும். பொம்பளப் புள்ள வாசிக்கிறது இதமா இருக்கணும்னு நம்ம குழு மாஸ்டர் சொல்லிட்டாரு.”

“எப்பருந்து?”

“நீங்க குழுவுல சேந்ததுலருந்தே.”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தபோதெல்லாம் முன்வரிசை ஏன் புன்னகைத்தது என்று இப்போது புரிந்தது. தயாளன் டீ குடிக்கப் போனதும் மேடையேறி, மிக்சருக்குப் போகும் இரண்டு ஒயர்களையும் பிடுங்கி, இடம் மாற்றிச் செருகினாள்.

மாலைக் கச்சேரியில் முதல் பாட்டு முழுக்கப் பெடல்களைத் தொடவே இல்லை. தயாளன் வழக்கம்போல ‘சுத்தமான’ ஒயரை மட்டும் திறந்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருந்தான். மாஸ்டர் மைக்கைப் பிடித்தார்.

“அடுத்து நம்ம தங்கச்சி பெனிட்டா, இதமா ஒண்ணு வாசிக்கப்போறாங்க.”

முன்வரிசை இப்போதே புன்னகைக்கத் தொடங்கியிருந்தது. பெனிட்டா செருப்பைக் கழற்றிவிட்டுப் பெடலுக்கு மேலே காலைத் தூக்கினாள்.