புது உமி

மதிய வெயில் சன்னல் கம்பி வழியாகப் பிளாஸ்டிக் கூண்டின்மேல் விழுகிறது. உள்ளே இரண்டு ஆண் சுண்டெலிகள் ஒட்டிக்கொண்டு தூங்குகின்றன. ஒன்று, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை உணரும் ஏற்பி இல்லாமல் பிறந்தது. ஒரு வாரமாக இந்தக் கூண்டுக்குச் சொந்தக்காரன். மற்றது, அரை மணி நேரத்துக்கு முன் உள்ளே விட்ட வெளியாள். வந்தவனைக் கடிக்கிறதா என்று பார்க்கத்தான் அறிவுமதி கால் கடுக்க நிற்கிறாள். ஒரு கடிகூட இல்லை. அந்த ஏற்பி இல்லாத ஆண் சண்டை போடுமா என்ற மூன்று வருட ஆராய்ச்சிக்குப் பதில் கிடைத்துவிட்டது போலத்தான் இருக்கிறது. குனிந்து முகர்கிறாள். மூத்திர வாடையே இல்லை. கூண்டுத் தரையில் பரப்பிய புது உமி மணக்கிறது.

"உமி மாத்துனீங்களாக்கா?"

"ஆமா பாப்பா, ஒரே நாத்தம். பாவமா இருந்துச்சு. ஒரத்தநாட்டு மில்லுலேர்ந்து கொண்டாந்து காலையிலதான் போட்டேன்" என்கிறாள் கூண்டு கழுவும் அஞ்சம்மாள்.

தன் வாடை ஏறிய இடத்துக்குத்தான் ஆண் எலி சண்டை போடும். அதற்காகத்தான் ஒரு வாரம் கூண்டைக் கழுவாமல் விட்டிருந்தது. இந்த அமைதிக்குக் காரணம் ஏற்பி இல்லாததா, உமியா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

"அடிச்சிக்காம தூங்குதுங்க. நல்லதுதானே பாப்பா?"

அறிவுமதி கூண்டு அட்டையில் 'ஏழாம் நாள்' என்றிருப்பதை அடித்து 'முதல் நாள்' என்று எழுதுகிறாள். பிறகு கையை உள்ளே விட்டு, தூங்குகிற இரண்டையும் பிரிக்கிறாள்.