திருப்பி ஒட்டிய சக்கரம்

பரணிலிருந்து இறக்கிய, பாகங்களை ஒட்டிச் செய்த பழைய பிளாஸ்டிக் மாடல் டாங்கியைக் கணவர் மெருகேற்றிக்கொண்டிருந்தார். முனை மூடியிருந்த பீரங்கிக் குழாயில் துளையிட்டார். பசைத் திட்டுகளைத் தேய்த்தெடுத்தார். ஒரு சக்கரம் மட்டும் உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி ஒட்டியிருந்தது. அதனருகே அவர் கத்தியைக் கொண்டுபோனதும் மனைவி குறுக்கே கையை நீட்டினாள்.

"அதைப் பிடுங்கப் போறீங்களா?"

"சேச்சே, சுத்தி இருக்கிற அழுக்கைத்தான் சுரண்டறேன். கல்யாணமான புதுசுல நீ ஒட்டினதாச்சே! தப்புன்னு சொன்னா உன் முகம் வாடிடுமேன்னு அன்னைக்கே வாயை மூடிக்கிட்டேன்."

"அட மக்கு மனுஷா! தெரிஞ்சேதான் தப்பா ஒட்டினேன்."

"எதுக்குடி?"

"சொல்லிக்கொடுக்கிற சாக்குலயாவது என் கையைப் பிடிப்பீங்கன்னுதான்!"

அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை. கையைக் கொடு, சொல்லித்தர்றேன்."