டுரியான் விழுந்த நேரம்

கிழவர் முனுசாமியின் முழங்காலை வெள்ளைக்கார துரை தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்பக்கத் தோட்டத்தில் டுரியான் பழம் ஒன்று தொப்பென்று விழுந்தது.

கட்டிலருகே நின்ற அமலம்மாள் சட்டென்று முனுசாமியின் முகத்தைப் பார்த்தாள்.

பினாங்கில் அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சும்மா இருக்கிற மனிதன் கிடையாது. முனுசாமி நேற்றுகூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பழம் பொறுக்க ஓடியவர்.

அந்த முதியோர் விடுதியில் அவள் ஆயா. வருடத்துக்கு ஒருமுறை துரை பரிசோதிக்க வருவார். நடக்க முடிந்த கிழவர்களைச் சொந்த ஊருக்கு அனுப்புகிறேன் என்று நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றிவிடுவார். அங்கே முனுசாமிக்கு யார் இருக்கிறார்கள்? வாலிப வயதிலிருந்து இந்தத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஊரில் நாதியில்லை. அதனால்தான் காலையிலிருந்து கால் விளங்காதவராகப் படுத்திருந்தார். யோசனை அமலம்மாளுடையது.

பின்வாசலை ஒட்டிய கட்டிலில் ஆரோக்கியநாதன். அவருக்கு இந்தப் பித்தலாட்டமெல்லாம் தேவையில்லை. பாவம், நிஜமாகவே இரண்டு காலும் வராது. தினமும் குளிக்கத் தூக்கிப் போய்த் தூக்கி வந்து அமலம்மாளுக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது. துரை அவரை முதலிலேயே பார்த்து முடித்துவிட்டார்.

இப்போது எல்லார் கண்ணும் முனுசாமியின் காலில்தான்.

கட்டைவிரல் துடித்தது. போர்வையைச் சரிசெய்கிற சாக்கில் அமலம்மாள் அதை இறுகப் பிடித்துக்கொண்டாள். மாதாவே, இந்த ஒரு தடவை காப்பாற்று.

முனுசாமி எச்சிலை விழுங்கினார். அசையவில்லை.

நடக்க முடியாது என்று துரை தீர்ப்புச் சொல்லிவிட்டு, தேநீர் குடிக்க முன்வாசலுக்குப் போனார்.

அமலம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது. மனுஷன் எப்பேர்ப்பட்ட ஆசையை அடக்கிவிட்டார். அந்தப் பழத்தை அவருக்கே கொடுப்பது என்று தோட்டத்துக்கு ஓடினாள்.

மரத்தடியில் பழம் விழுந்து பதிந்த பள்ளம் மட்டும் இருந்தது.

காக்காய் தூக்கிப் போகிற பழமா அது? முணுமுணுத்தபடி திரும்பினாள். பின்வாசலிலேயே டுரியான் வாசம் மூக்கைத் துளைத்தது.

ஆரோக்கியநாதன் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, கண்மூடி, செபம் சொல்கிறவர் போலக் கிடந்தார். போர்வை குட்டை. வெளியே நீட்டியிருந்த இரண்டு பாதங்களிலும் ஈரமண்.

"அந்த ஜன்னலச் சாத்தும்மா," என்றார் கண்ணைத் திறக்காமலே. "தொர இன்னும் வாசல்லதான் இருக்காரு."

அமலம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போய் ஜன்னலைச் சாத்தினாள்.